முன்னமே இருந்த வருத்தம்

ஸ்விண்டனில் ஞாயிறு இரவு.
மழை என்று சொல்ல முடியாத ஒரு நசநசப்பு.
சமையலறை மேசையில் மடிக்கணினி,
இரண்டு கடவுச்சீட்டு,
கழுவாத கோப்பையில் கத்தரிக்காய்ப் பொரியல்.

நியூசிலாந்துக்கு இருபத்தேழு மணி நேரம்.
பத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டியவன்
வேறொருவன் ஓட்ட, சாய்ந்திருந்து
உலகத்தின் அடிப்பக்கம் போகப்போகிறேன்.

காப்புறுதி மூன்று விதமாக வருகிறது:
வெண்கலம், வெள்ளி, தங்கம்.
நகைக்கடைக் கண்ணாடிக்கு முன்னால் நிற்பவள் போல
மலர் மாறிமாறிப் பார்க்கிறாள்.
"காப்பு எண்டால் தங்கத்திலதான் போடவேணும்."
தங்கம் நூற்றெண்பது பவுண் கூட.
அதில்
காலில் கயிறு கட்டிப் பாலத்தால் குதிக்கலாம்,
பனிமலையில் முறிந்தால் ஹெலிகொப்டர் வரும்,
செத்துப்போனால் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார்கள்.
வீடு எது என்று
பதினோராம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது:
குடும்ப வைத்தியரிடம் நீங்கள் பதிந்துள்ள முகவரி.
நல்லது.
எங்கள் ஆட்கள் நாற்பது வருஷம் வாதாடியும்
தீராத வழக்கு, ஒரே வரியில்.

பிறகு கேள்விகள்.
திரையில் ஆங்கிலம், அவள் வாயில் தமிழ்.
எனக்கு விளங்காது என்பதற்காக அல்ல;
ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்கிற வேலை,
கை நிற்காது.

"முன்னமே இருந்த வருத்தம் ஏதும்?"

வருத்தம்.
காய்ச்சலும் எங்களுக்கு வருத்தம்தான், கவலையும் வருத்தம்தான்.
"எல்லாத்தையும் எழுத அந்தப் பெட்டி காணாதப்பா" என்கிறேன்.
சீனி. பிரஷர். இடது முழங்கால்.
ஒவ்வொன்றுக்கும் பெட்ரோல் பம்பு மாதிரி
எண் ஏறுகிறது.
"முழங்காலை விடும்."
"விட்டால், அங்க விழுந்தா ஒரு சதமும் வராது."
முழங்காலையும் எழுதினாள்.

அடுத்தது அவளுடைய பக்கம்.
இல்லை, இல்லை, இல்லை என்று
தட்டிக்கொண்டே போனவள் நின்றாள்.
"பரிசோதனை ஏதுக்கும் காத்திருக்கிறீங்களா?
ஓம்.
எனக்கு வலப்பக்கம் ஒரு கட்டி இருக்குது.
பதினாலாம் தேதி ஊசி போட்டுப் பார்ப்பினம்."

அது அவளுடைய வேலைக்குரல்.
மொழிபெயர்ப்பவர் 'நான்' என்றுதான் பேசவேண்டும், விதி.
பன்னிரண்டு வருஷமாக
முகம் மறந்தவர்களின் நெஞ்சுவலியை, கர்ப்பத்தை, குடியை
எனக்கு, எனக்கு என்று சொல்லிவிட்டு
ஆறு மணி பஸ்ஸில் வீடு வருகிறவள்.
ஆகவே, கொஞ்ச நேரம் பிடித்தது எனக்கு
அந்த மேசையில்
வேறு நோயாளி யாரும் இல்லை என்று விளங்க.

எவ்வளவு நாளாய்?
மூன்று கிழமை.
ஏன் சொல்லேல்லை?
"நீங்கள் வரைபடத்தில கோடு கீறிக்கொண்டு இருந்தனீங்கள்."

குளிர்பெட்டி ஒருமுறை உறுமி ஓய்ந்தது.
நெடுநேரம் எதுவும் தொடவில்லை,
இன்னும் இருக்கிறீர்களா என்று திரை கேட்டது.
அவள் 'ஓம்' என்பதை அழுத்தினாள்.

காலையில் கார்டிஃபிலிருந்து கார்வென் என்றொரு பெண்.
நல்ல பெண். மூன்று தரம் மன்னிப்புக் கேட்டாள்.
முடிவு வரும்வரை அந்தக் கட்டியை
வெள்ளியாலும் மூட முடியாது, தங்கத்தாலும் முடியாது.
எனக்குக் கேட்கும்படிதான் போன் மேசையில் கிடந்தது.
இருந்தும் மலர் திருப்பிச் சொன்னாள்,
கம்பனியின் வாயாக, விதிப்படி:
"உங்கட வருத்தத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை."
சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை. பிறகு சிரித்தேன்.

வெள்ளியை வாங்கினோம்.
முழங்காலுக்கு மட்டும் நாற்பத்தொரு பவுண்.

டிப்போவில்
பதினாலாம் தேதிக்கு லீவு எழுதிக் கொடுத்தேன்.
காரணம் என்ற கட்டத்தில்
சொல் தமிழில்தான் முதலில் வந்தது.
எழுதியது: சொந்த அலுவல்.